ஓர் ஆளைச் சுமக்க ஓராயிரம் கிலோ எதற்கு?

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மின்கட்டண அட்டையில் 'யூனிட்' என்று எழுதப்படுவது ஒரு கிலோவாட் மணி. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 20 வாட் எல்.இ.டி. விளக்கு 50 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். ஆண்டுதோறும் சொல்லும் அதே எடுத்துக்காட்டுகள்தான். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். பாட நேரத்தில் அவன் குரலை நான் அதிகம் கேட்டதில்லை.

"மிஸ், எங்கப்பா வண்டி ஒரு யூனிட்டுக்கு முப்பது கிலோமீட்டர் ஓடும்."

அவனுடைய அப்பா வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கிறார். தவணையில் வாங்கிய மின் ஸ்கூட்டர். வாடகை வீடு, வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து யூனிட் கணக்கில் பணம் வாங்குகிறார். அதனால் சார்ஜ் போடுவதற்கு முன்னும் பின்னும் மீட்டரைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைப்பது அவர் வழக்கம். பையனுக்கு அந்த நோட்டு மனப்பாடம்.

"அப்போ கார் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு தூரம் போகும் மிஸ்?" என்று முன்வரிசை மாணவி கேட்டாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பதில் தெரியாதது மட்டும் காரணமில்லை. அன்று என் கைப்பையில் வங்கியின் கார் கடன் விண்ணப்பம் பாதி நிரப்பிய நிலையில் இருந்தது. தாம்பரத்தை அடுத்த என் வீட்டிலிருந்து பள்ளிக்கு 9 கி.மீ. காலையும் மாலையும் நான் ஒருத்தி மட்டும் போய்வர ஒரு கார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய், அந்த விண்ணப்பத்தையே மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று. வகுப்பில் போட்ட கணக்கை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்கு

ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 9 யூனிட். இந்த ஓர் எண் தெரிந்தால் போதும், மற்றது வகுத்தல். நகர நெரிசலில் லிட்டருக்கு 15 கி.மீ. தரும் கார், ஒரு யூனிட் ஆற்றலில் 15-ஐ 9-ஆல் வகுத்தால் வரும் தூரமே ஓடுகிறது. இப்படியே ஒவ்வொன்றாகப் போட்டோம். சுமாராகக் கிடைத்த விடைகள் இவை:

பெட்ரோல் கார்: 1.7 கி.மீ.
பெட்ரோல் ஸ்கூட்டர் (லிட்டருக்கு 45 கி.மீ.): 5 கி.மீ.
சிறிய மின் கார்: 7 கி.மீ.
மின் ஸ்கூட்டர்: 30 கி.மீ.
மிதித்துக்கொண்டே ஓட்டும் மின் மிதிவண்டி: 100 கி.மீ.

பட்டியலைப் பார்த்ததும் வகுப்பு சில நொடிகள் அமைதியானது. பிறகு, "மிஸ், தப்பா வகுத்துட்டீங்க" என்றார்கள். இரண்டு முறை சரிபார்த்தோம். தவறில்லை.

இந்தப் பட்டியலில் இரண்டு தாவல்கள் இருக்கின்றன. பெட்ரோல் காரிலிருந்து மின் காருக்கு வரும்போது தூரம் நான்கு மடங்காகிறது. இதைப் பற்றிச் செய்தித்தாள்களும் விளம்பரங்களும் நிறையப் பேசுகின்றன. மின் காரிலிருந்து மின் ஸ்கூட்டருக்கு வரும்போது மீண்டும் நான்கு மடங்குக்கு மேல் கூடுகிறது. இந்த இரண்டாவது தாவலைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

முதல் தாவலுக்குக் காரணம் எஞ்சின். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளின் ஆற்றலில் முக்கால் பங்கு வெப்பமாகவே வெளியேறிவிடுகிறது. நிறுத்தி வைத்த காரின் முன்மூடியில் கை வைத்தால் சுடுகிறதே, அதுவும் நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்தான். மின்மோட்டாரோ தான் பெறும் ஆற்றலில் 80 முதல் 90 விழுக்காடு வரை சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். சிக்னலில் நிற்கும்போது அது ஆற்றல் எதையும் எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது தாவலுக்குக் காரணம் எடை.

எடை என்னும் வரி

காரின் எடை 1,000 கிலோ, ஓட்டுபவர் எடை 60 கிலோ என்று கொள்வோம். மணிக்கு 36 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 10 மீட்டர்; கணக்குக்கு வசதியான எண். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் வருவது. காருக்கு 53,000 ஜூல். 110 கிலோ ஸ்கூட்டரும் அதே ஆளும் என்றால் 8,500 ஜூல். 25 கிலோ மின் மிதிவண்டியும் ஆளும் என்றால் 4,250 ஜூல்.

சிக்னல் வருகிறது. பிரேக் போடுகிறோம். அந்த 53,000 ஜூலும் பிரேக் கட்டையில் வெப்பமாகிப் போய்விடுகிறது. பச்சை விளக்கு எரிந்ததும் மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும். நகரப் பயணம் என்பது பெரும்பாலும் இந்தச் சேர்ப்பதும் தொலைப்பதும்தான். மின் வண்டிகளில் வேகம் குறைக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்பும். ஆனாலும் முழுவதும் திரும்பாது. தொலைப்பது குறைய வேண்டுமானால், முதலிலேயே குறைவாகச் சேர்க்க வேண்டும். அதற்கு வண்டி இலேசாக இருக்க வேண்டும்.

இதை மாணவர்களுக்குப் பணமாக மாற்றிச் சொன்னேன். நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறேன். எழுபத்தைந்து ரூபாய் எஞ்சின் வெப்பத்துக்குப் போயிற்று. மிச்சம் இருபத்தைந்து ரூபாய். நகர்த்தப்படும் 1,060 கிலோவில் என் பங்கு 60 கிலோ, அதாவது நூற்றில் ஆறு பங்கு கூட இல்லை. இருபத்தைந்து ரூபாயில் அந்தப் பங்கு ஒன்றரை ரூபாய். நூறு ரூபாய் கொடுத்து ஒன்றரை ரூபாய்க்கு நான் பயணம் செய்கிறேன். மீதியில் பெரும்பகுதி காற்றைச் சூடாக்கியது, எஞ்சியது ஓராயிரம் கிலோ இரும்பை ஊர்வலம் கூட்டிச் சென்றது. "அப்போ அந்தக் காரைத்தான் மிஸ் நீங்க ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வர்றீங்க" என்றாள் முன்வரிசைக்காரி. வகுப்பே சிரித்தது. நானும்தான்.

புகைக் கணக்கு

நல்ல வகுப்பாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். எங்கள் வகுப்பிலும் வந்தது. "கரன்ட்டும் நிலக்கரியை எரிச்சுத்தானே மிஸ் எடுக்கறாங்க?"

நியாயமான கேள்வி. அனல் மின் நிலையத்திலும் நிலக்கரியின் வெப்பத்தில் பெரும்பகுதி வீணாகிறது. எனவே பெட்ரோல் வண்டியையும் மின் வண்டியையும் யூனிட்டை மட்டும் வைத்து ஒப்பிட்டால் கணக்கு மின் வண்டிக்குச் சாதகமாகச் சாய்ந்துவிடும். வெளியாகும் கரியமில வாயுவை வைத்து ஒப்பிடுவதே நேர்மை. இந்தியாவில் இப்போது ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தியாகும்போது சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. இவற்றைக் கொண்டு ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் என்று போட்டோம்.

பெட்ரோல் கார் 153 கிராம். மின் கார் 100 கிராம். பெட்ரோல் ஸ்கூட்டர் 51 கிராம். மின் ஸ்கூட்டர் 23 கிராம். மின் மிதிவண்டி 7 கிராம்.

இதில் எனக்கே வியப்பளித்தது நடுவில் இருக்கும் வரிசை. ஒருவர் மட்டும் ஓட்டிப்போகும் மின் காரைவிட, பழைய பெட்ரோல் ஸ்கூட்டர் வெளியிடும் கரியமில வாயு குறைவு! 'மின்சாரம்' என்ற சொல் மட்டும் ஒரு வண்டியை நல்ல வண்டியாக்கிவிடாது. எத்தனை பேரை, எவ்வளவு எடையுள்ள வண்டி சுமக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அதற்காகப் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு நற்சான்று கொடுக்கவும் முடியாது. அதன் புகைக்குழாய் நம் பள்ளி வாசலில், குழந்தையின் மூக்கு உயரத்தில் இருக்கிறது. மின் வண்டிக்குப் புகைக்குழாயே இல்லை.

அதே கணக்கை இன்னும் இரண்டு படி நீட்டினோம். மின் காரில் நான்கு பேர் போனால் ஆளுக்கு 25 கிராம், ஸ்கூட்டருக்குச் சமமாகிவிடுகிறது. டீசல் பேருந்து லிட்டருக்கு 4 கி.மீ. ஓடுகிறது, 40 பேர் பயணம் செய்கிறார்கள் என்றால் ஆளுக்குச் சுமார் 17 கிராம். ஆக, நிறைந்து ஓடும் பேருந்து மின் ஸ்கூட்டரையே முந்திவிடுகிறது. பேருந்தில் தொங்கிக்கொண்டு வரும் மாணவர்களுக்கு இந்த முடிவு பிடித்திருந்தது. "நாங்கதான் மிஸ் ஃபர்ஸ்ட்" என்றார்கள். ஆம், மின் மிதிவண்டியை விட்டுவிட்டால், இந்தக் கணக்கில் அவர்கள்தான் முதலிடம். அவர்களுக்கு இன்னும் இரண்டு பேருந்துகள் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்பது தனிச் செய்தி.

சாக்பீஸ் கட்டத்துக்குள் ஒரு வகுப்பு

எரிபொருளை மாற்றினாலும் மாறாத ஒன்று இடம். இதைக் கணக்காகச் சொல்வதைவிடக் காட்டுவது எளிது. மைதானத்தில் 5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலத்தில் சுண்ணாம்பால் ஒரு கட்டம் வரைந்தோம். கதவு திறந்து இறங்கும் இடத்தையும் சேர்த்து ஒரு கார் நிற்கத் தேவையான இடம் இது: பன்னிரண்டரை சதுர மீட்டர். அதற்குள் ஆசிரியர்களின் ஸ்கூட்டர்களை நிறுத்திப் பார்த்தோம், ஏழு நின்றன. மாணவர்களின் மிதிவண்டிகள் பன்னிரண்டு நின்றன. கடைசியில் வகுப்பு முழுவதையும் உள்ளே நிற்கச் சொன்னேன். முப்பத்தெட்டுப் பேரும் நெருக்கியடித்து நின்றுவிட்டார்கள்.

கார் பெட்ரோலில் ஓடினாலும் மின்சாரத்தில் ஓடினாலும் இந்தக் கட்டம் சுருங்காது. அடுத்த வாரம் ஒரு குழு பள்ளிக்கு அருகிலுள்ள பேருந்து நிறுத்தத்தில் பாதுகாப்பாக நின்று, கடந்துபோகும் கார்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அரை மணி நேரம் எண்ணியது. பாதிக்கும் மேற்பட்ட கார்களில் ஓட்டுபவர் மட்டுமே இருந்தார். சாலையை அகலமாக்க வேண்டும் என்று பேச்சுப் போட்டியில் முழங்கும் மாணவன் ஒருவன், "ரோடு சின்னதா இல்ல மிஸ், காலி சீட்டு நிறைய ஓடுது" என்று அறிக்கையில் எழுதினான். அதைவிடச் சிறப்பாக நான் சொல்லிவிட முடியாது.

சிறிய வண்டிகளின் பெரிய குடும்பம்

இலகு மின் வண்டி என்றால் ஸ்கூட்டர் மட்டுமல்ல. மின் மிதிவண்டி, வேகம் குறைந்த சிறு ஸ்கூட்டர், வழக்கமான ஸ்கூட்டர், மின் ஆட்டோ, நான்கு சக்கரம் கொண்ட குட்டி வண்டி என்று அது ஒரு குடும்பம்.

இந்தக் குடும்பத்தில் நம் நாட்டுக்கு ஒரு முன்னோடி உண்டு. பெங்களூரில் உருவான ரேவா என்னும் சிறு மின் கார் 2001-இல் விற்பனைக்கு வந்தது. இங்கே அதிகம் விற்காத அந்த வண்டி, லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. நகர மையத்தில் நுழையும் வாகனங்களுக்கு லண்டன் விதித்த நெரிசல் கட்டணம் அதற்கு இல்லை என்பது முக்கியமான காரணம். ஐரோப்பிய விதிகளின்படி அது கார் என்றுகூடக் கருதப்படவில்லை. நாற்சக்கர இலகு வண்டி வகையில் சேர்க்கப்பட்டது. அதே வகையில் 2020-இல் பிரான்சில் வந்த சிட்ரோயன் அமி மணிக்கு 45 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாது. இரண்டு பேர் அமரலாம். எடை 500 கிலோவுக்கும் குறைவு. மின்கலம் ஐந்தரை யூனிட் கொள்ளளவு கொண்டது.

உலகிலேயே இலகு மின் வண்டிகள் மிகுந்த நாடு சீனா. அங்கே பல பெருநகரங்கள் பெட்ரோல் மோட்டார் சைக்கிள்களுக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, மிதிவண்டிக்குப் பழகியிருந்த மக்கள் மின் மிதிவண்டிக்கு மாறினார்கள். இன்று அங்கே அவற்றின் எண்ணிக்கை 30 கோடிக்கும் மேல். வேகம் 25 கி.மீ., எடை 55 கிலோ, மோட்டார் திறன் 400 வாட் என்ற வரம்புகளை 2019 ஏப்ரலில் அந்நாடு நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

நம் மாநிலத்துக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. இந்தியச் சாலைகளில் ஓடும் மின் ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு ஓசூர், கிருஷ்ணகிரி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் உள்ள ஆலைகளில் உருவாகிறது. அந்த மாவட்ட ஆசிரியர்களின் மாணவர்கள் வீட்டில் மோட்டார் சுற்றுபவரும் மின்கலம் பொருத்துபவரும் இருக்கக்கூடும். வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லலாம்.

"லைசென்ஸ் வேண்டாத வண்டி மிஸ்"

இதுவரை நன்மையை மட்டும் சொல்லிவந்தேன். ஆசிரியராக நாம் சொல்லியே ஆக வேண்டிய மறுபக்கமும் இருக்கிறது.

ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மின் ஸ்கூட்டரில் வந்து வாசலில் இறங்கினான். பின்னால் தங்கை. இருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. கேட்டால், "லைசென்ஸ் வேண்டாத வண்டி மிஸ், கடைக்காரரே சொன்னாரு" என்றான். மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாகவும், மின்கலம் நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்து, முறையாக அங்கீகாரம் பெற்ற மின் வண்டி 'மோட்டார் வாகனம்' ஆகாது. அதற்கு உரிமமும் பதிவும் தேவையில்லை. இதைத்தான் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஆனால் அவன் வண்டியின் வேகமானி 40-ஐத் தாண்டியதை என் சக ஆசிரியர் பின்னால் வரும்போதே பார்த்திருக்கிறார். வேகப் பூட்டை நீக்கிக் கொடுத்திருந்தார்கள். பூட்டை நீக்கிய கணத்திலேயே அது மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. பதிவில்லை, காப்பீடு இல்லை, ஓட்டுபவனுக்கு உரிமமும் இல்லை.

அவன் அப்பாவை அழைத்துப் பேசினோம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவைச் சொன்னேன். சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் விதிக்கலாம். அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. அவர் அதிர்ந்துபோனார். "பிள்ளைங்க பஸ்ல தொங்கிட்டுப் போகுதேன்னுதான் மேடம் வாங்கிக் கொடுத்தேன்" என்றார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. நமக்குத் தெரிந்ததை முன்கூட்டியே பெற்றோர் கூட்டத்தில் சொல்லாமல் விட்டோமே என்றுதான் தோன்றியது. இப்போது கல்வியாண்டின் முதல் பெற்றோர் கூட்டத்தில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குகிறோம்.

சார்ஜ் போடும் இடம்

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். 2024 பிப்ரவரியில் சீனாவின் நான்ஜிங் நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் தரைத்தளத்தில், மின் மிதிவண்டிகள் நிறுத்தும் இடத்தில் தொடங்கிய தீ 15 உயிர்களைப் பறித்தது.

லித்தியம் மின்கலத்தில் ஒரு செல் அளவுக்கு மீறிச் சூடானால் அந்த வெப்பம் அடுத்த செல்லைச் சூடாக்கும், அது அதற்கடுத்ததை. இந்தத் தொடர் தொடங்கிவிட்டால் நிறுத்துவது கடினம். வெளிவரும் புகை நச்சுத்தன்மை கொண்டது. ஒவ்வொரு செல்லின் வெப்பநிலையையும் மின்னழுத்தத்தையும் கண்காணித்து, எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் மின்னணுச் சுற்று மின்கலப் பெட்டிக்குள் இருக்கிறது. 2022-இன் விபத்துகளுக்குப் பின் ஏஐஎஸ் 156 என்னும் பாதுகாப்புத் தரநிலை கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. பழைய வண்டி வாங்குவோரும், மலிவு என்று முத்திரையில்லாத மின்கலம் மாற்றுவோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

மாணவர்கள் வீட்டில் சொல்ல வேண்டியவை இவ்வளவுதான். வெளியே போகும் வழியை மறித்து, மாடிப்படிக்குக் கீழே வண்டியை நிறுத்திச் சார்ஜ் போடக்கூடாது. எல்லோரும் தூங்கும் நேரத்தில் வேண்டாம். ஓட்டி வந்த சூட்டோடு உடனே வேண்டாம். வண்டியோடு வந்த சார்ஜரையும் எர்த் இணைப்புள்ள பிளக்கையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். மின்கலம் உப்பினாலோ, வாசனை வந்தாலோ, வெள்ளத்தில் மூழ்கியிருந்தாலோ தொடாமல் பணிமனைக்குச் சொல்ல வேண்டும். தீப்பிடித்தால் அணைக்க முயலாமல் எல்லோரும் வெளியேறி 101 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும்.

எடைக் கணக்கின் மறுபக்கம்

எடை குறைந்த வண்டி ஆற்றலை மிச்சப்படுத்துகிறது என்று சொன்ன அதே இயற்பியல், இன்னொன்றையும் சொல்கிறது. மின் மிதிவண்டியில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகிறவரின் இயக்க ஆற்றல் சுமார் 2,000 ஜூல். 50 கி.மீ. வேகத்தில் வரும் காரின் இயக்க ஆற்றல் ஒரு இலட்சம் ஜூலுக்கு மேல், ஐம்பது மடங்கு. இரண்டும் மோதினால் அடிபடுவது யார் என்று சொல்லத் தேவையில்லை. இந்தியாவில் 2022-இல் சாலை விபத்துகளில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

சிறிய வண்டியில் செல்பவர் பிறருக்குத் தரும் ஆபத்து குறைவு. அவர் பிறரிடமிருந்து பெறும் ஆபத்து அதிகம். ஊருக்கு நல்லது செய்பவரே அதிகம் அடிபடுகிறார். இந்த அநீதியைப் பத்தாம் வகுப்பு மாணவர்கள் நம்மைவிட விரைவாகப் புரிந்துகொள்கிறார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் இதற்குப் பாதி விடை. மீதி விடை சாலையில் இருக்கிறது: தனி மிதிவண்டிப் பாதை, பள்ளி அருகே வேகக் கட்டுப்பாடு, நடைபாதை. வேகம் பாதியானால் இயக்க ஆற்றல் நான்கில் ஒன்றாகிறது என்ற சூத்திரம், 'பள்ளி உள்ளது, மெதுவாகச் செல்லவும்' என்ற பலகைக்குப் பின்னால் உள்ள அறிவியல். எங்கள் மாணவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்து, வாசலில் வேகத்தடை கேட்டு உள்ளாட்சி அலுவலகத்துக்கு மனு எழுதினார்கள்.

வகுப்பறையில் செய்து பார்க்க

தொடக்க வகுப்புகளில் தரையில் கட்டம் வரைந்து, அதற்குள் எத்தனை மிதிவண்டி, எத்தனை பேர் என்று எண்ணச் செய்யலாம். பரப்பளவு பாடத்துக்கு முன்னோட்டமாக அமையும். மின் வண்டிகள் சத்தமில்லாமல் வரும் என்பதால், காதை மட்டும் நம்பாமல் இருபுறமும் பார்த்துச் சாலையைக் கடக்கும் பயிற்சியும் இங்கே தேவை.

நடுநிலை வகுப்புகளில் மாணவர்கள் பள்ளிக்கு எப்படி வருகிறார்கள் என்று கணக்கெடுத்துப் பட்டை வரைபடம் வரையலாம். பச்சை நிற எண்பலகை கொண்ட வண்டிகள் எத்தனை என்று எண்ணலாம். மின் வாகனத்துக்கு உரிய நிறம் அது.

உயர்நிலை வகுப்புகளில் மேலே சொன்ன கணக்குகளை உங்கள் ஊர் எண்களை வைத்துப் போடலாம். விலையும் சேரட்டும்: பெட்ரோல் ரூ.100, மின்சாரம் யூனிட்டுக்கு ரூ.8 என்று கொண்டால், காருக்குக் கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய்க்கு மேல், மின் ஸ்கூட்டருக்கு 27 பைசா. கூடவே, வண்டியின் விலையையும் சில ஆண்டுகளுக்குப் பின் மின்கலம் மாற்றும் செலவையும் சேர்த்து விவாதிக்கச் சொல்லுங்கள்.

என் கைப்பையில் இருந்த விண்ணப்பம்

அதை நான் வங்கிக்குக் கொண்டுபோகவில்லை. மின் ஸ்கூட்டர் ஒன்று வாங்கினேன். பெருமழை நாள்களில் பேருந்து. மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போது வாடகைக் கார். அன்று கார்தான் தேவை, அதில் எனக்குத் தயக்கமில்லை. எங்கள் பள்ளியிலேயே 40 கி.மீ. தொலைவிலிருந்து காரில் வரும் ஆசிரியர் வழியில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு வருகிறார். கால் ஊனமுற்ற இன்னொரு நண்பருக்குக் கார் இல்லாமல் முடியாது. யாரையும் குற்றம் சொல்ல இந்தக் கணக்கு வேண்டாம். நாளைக்கு வண்டி வாங்கப் போகும் பிள்ளைகள் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாங்கும் முன் ஒரு முறை வகுத்துப் பார்க்கும் பழக்கத்தை அவர்களுக்குக் கொடுத்தால் போதும்.

வண்டி வாங்கிய மாதம், நானும் ஒரு நோட்டில் யூனிட்டையும் கிலோமீட்டரையும் எழுத ஆரம்பித்தேன். கடைசி வரிசை மாணவனிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"என்ன மிஸ், உங்களுக்கு இருபத்தஞ்சுதான் வருது? சட்டுனு முறுக்கி சட்டுனு பிரேக் போடுறீங்களா? சிக்னல் தூரத்துல தெரியறப்பவே கைய விட்டுடணும் மிஸ். எங்கப்பா அப்படித்தான் ஓட்டுவாரு."

இயக்க ஆற்றலைப் பற்றி நான் நடத்திய பாடத்தை, அவன் எனக்குத் திருப்பி நடத்தினான். இப்போது எனக்கும் இருபத்தொன்பது வருகிறது.